ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கி

காலை எட்டு மணிக்கும் ஸ்பிரிங்வேல் வீட்டு முன்புறப் புல்லில் உறைபனி கரையாமல் கிடந்தது. யோகராணி சேலைக்கு மேல் கணவரின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நித்தியானந்தனின் காரில் ஏறினாள். பூட்டிய தகரப் பெட்டி மடியில் இருந்தது.

"சீலையோட சுடுற முதல் ஆள் நீங்கள்தான் அக்கா," என்றான் அவன். "பேப்பரில போடுவாங்கள்."

"கதையாம ஓட்டும் தம்பி."

பெட்டிக்குள் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கைத்துப்பாக்கி. அவள் கணவர் வரதராஜாவுடையது. அவர் ரயில்வேயில் கட்டட வரைபடம் வரைபவராக வேலை பார்த்தார். நித்தியானந்தனுக்கும் அதே அலுவலகம். வெள்ளைக்காரரோடு பழக ஒரு வழி என்று 1974இல் இருவரும் துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தார்கள். நித்தியானந்தன் நன்றாகச் சுட்டான். வரதராஜா சுட்டவை இலக்குக்கு வெளியே மண்மேட்டில் புதைந்தன. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்குப் பிடித்தது வீட்டில் செய்யும் வேலை.

ஞாயிறு காலையில் குசினி மேசையில் பழைய பத்திரிகையை விரிப்பார். உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்ப்பார். பிறகு கழற்றுவார். மேல்மூடி, குழல், சுருள்வில். யோகராணி ஒவ்வொன்றாக வாங்கித் துடைப்பாள். அவர் குழலுக்குள் தூரிகையை விட்டு இழுப்பார். ஏதாவது இறுகிக்கொண்டால் அவள் நீட்டுவாள். அவர் வாங்கிச் சரிசெய்து தருவார்.

கிழமையின் மற்ற ஆறு நாளும் ஓம், இல்லை என்பதற்கு மேல் பேசாத மனிதர். கைக்கு வேலை இருந்தால்தான் வாய் திறக்கும். பெண் பார்க்க வந்த அன்று தனக்குக் காய்ச்சல் என்பதை அந்த மேசையில்தான் சொன்னார். பிள்ளை இல்லாததைத் தான் ஒருநாளும் குறையாக நினைக்கவில்லை என்பதையும் அங்கேதான் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. சுருள்வில்லைப் பார்த்தார்.

பெப்ரவரியில் இறந்துபோனார். இருதயம் என்றார்கள்.

பொலிஸ் சார்ஜென்ட் வீட்டுக்கு வந்தார். அனுமதி வரதராஜாவின் பெயரில் இருந்தது. மனைவி கழகத்தில் சேர்ந்து, யூலைக்குள் அதே துப்பாக்கியால் சுட்டுச் சோதனையில் தேறினால் வைத்திருக்கலாம். இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டுபோய் உருக்கிவிடுவார்கள்.

"குடுத்திட்டு விடுங்கோவன் அக்கா," என்றான் நித்தியானந்தன். "வீட்டில தனிய இருக்கிறியள். உந்தச் சனியன் எதுக்கு?"

"அவர் என்னோட கதைச்சது முழுக்க அதிலதான் கிடக்கு."

அதற்குப் பிறகு அவளைக் கழகத்துக்கு அவனே சனிக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு போனான். பயிற்சிக்குக் கழகத்தின் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். அது ஒருநாளும் இறுகவில்லை.

ஞாயிறுகளில் அவள் தனியாகப் பத்திரிகையை விரித்தாள். அவர் கழற்றிய ஒழுங்கில் கழற்றினாள். மார்ச்சில் எண்ணெய் டின் முடிந்தது. துப்பாக்கிக் கடைக்குள் போய்க் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஊரில் தையல் மெஷினுக்கும் கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய்தான் விட்டார்கள். அதையே விட்டாள். அந்த நாட்டில் குளிர் வருவது மே மாதத்தில். அது தொடங்கியதும் போத்தலை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து உருக்கிக்கொண்டாள். அங்குள்ள தமிழர் வீடுகளில் குளிர்காலத்தில் எண்ணெய்ப் போத்தலின் இடம் அதுதான். வெதுவெதுப்பான குசினியில் துப்பாக்கி மினுங்கியது. மேல்மூடி வழுக்கிக்கொண்டு ஓடியது.

சோதனை நாளான அன்று காலை, சுடும் இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே காற்று வெட்டியது. கழகச் செயலாளர் கென் காத்திருந்தார். குழாய் வேலை செய்து ஓய்வுபெற்றவர். வரதராஜாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர்.

"பத்துத் தோட்டா, மிஸஸ் ராஜா. அவசரம் வேண்டாம்."

முதல் தோட்டா இலக்குத் தாளின் ஓரத்தைக் கிழித்தது.

"அண்ணையை வெண்டிட்டியள்! அவருக்குத் தாளிலேயே படேல்லை!" என்று நித்தியானந்தன் பின்னாலிருந்து கத்தினான்.

சுட்டதும் மேல்மூடி பின்னால் போய், தானாக முன்னுக்கு வந்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். அது பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் தள்ளினாள். அசையவில்லை. இறுகிக்கொண்டால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். திரும்பி, நீட்டினாள்.

குழல் கென்னின் நெஞ்சைக் கடந்து நித்தியானந்தனிடம் வந்தது.

"கீழே!" என்று கென் கத்தினார்.

நித்தியானந்தன் சிமெந்துத் தரையில் விழுந்தான். கென் பக்கவாட்டில் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். துப்பாக்கியை வாங்கித் தோட்டாக்களை வெளியே எடுத்தார். உள்ளே பார்த்தார். நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக வந்தது.

"என்ன இது? மெழுகா?"

நித்தியானந்தன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து முகர்ந்து பார்த்தான். சிரித்துவிட்டான்.

"தேங்காய் எண்ணெய்! ஐயோ அக்கா, விட்டிருந்தா கறிவேப்பிலையும் போட்டுத் தாளிச்சிருப்பியள்."

அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"குளிருக்கு உறைஞ்சு போச்சு அக்கா."

"உருக்கித்தானே பூசினனான்."

மண்ணெண்ணெயில் கழுவித் தருவதாகவும் இன்னொரு தரம் சுட விடும்படியும் நித்தியானந்தன் கென்னிடம் கேட்டான். அவளுக்குப் புருஷன் இல்லை என்றான். கென் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"எண்ணெய் பரவாயில்லை. ஆட்களுக்கு நேரே திருப்பியவருக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. என் மனைவியாக இருந்தாலும் முடியாது." பிறகு அவளிடம் சொன்னார்: "ஸ்டேஷனுக்கு நானே கொண்டுபோகிறேன், மிஸஸ் ராஜா. நீங்கள் போக வேண்டாம்."

மேசையில் துணியை விரித்து அதைக் கழற்றினார். உறைந்த எண்ணெயை வழித்தார். ஒரு சிறிய டின்னைத் திறந்து, இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தார். உருக்கப்போகும் துப்பாக்கியை ஏன் துடைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

டின்னிலிருந்து வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரதராஜாவின் விரல்களில் இருந்த வாசனை. யோகராணி மேசைக்குக் கிட்ட வந்து நின்றாள். சுருள்வில்லை எடுக்கக் கை நீட்டினாள். கென் அதை அவளிடம் கொடுத்தார். அவள் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். குழலைக் கொடுத்தார். துடைத்தாள். அவர் ஒன்றும் பேசவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி முடித்ததும் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துச் சாவியைத் திருப்பினார்.

நித்தியானந்தன் காரைக் கிளப்பி, ஹீட்டரைப் போட்டான். கண்ணாடியில் படிந்திருந்த பனிப்புகார் மெல்ல விலகியது. அவன் காரை எடுக்கவில்லை.

"அழுங்கோ அக்கா. பறவாயில்லை."

அவள் அழவில்லை. வெறும் மடியில் கைகளை வைத்திருந்தாள்.

"தம்பி."

"சொல்லுங்கோ."

"செத்த அண்டைக்குப் பின்னேரம் அவர் நெஞ்சு நோகுதெண்டு சொன்னவர். நான் வாய்வெண்டு நினைச்சு, உள்ளி போட்டு எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு விட்டனான். சுகமாக் கிடக்கெண்டு சொல்லிப்போட்டுத்தான் படுத்தவர். அதுவும் பிழையோ, தம்பி?"