வரிசையில் நின்ற பதில்

“அண்ணாச்சி, நான் பதில் சொல்லுததுக்குள்ள அவுக அடுத்தத கேட்டுருதாவ. ரெண்டு பேரும் ஒண்ணா பேசுதோம், ஒண்ணா நிறுத்துதோம். ஒழுங்கா ஒரு சண்டை போட முடியல” என்றாள் ஜரினா. அவள் கணவன் மஸ்கட்டில் இருந்தான்; பேச்செல்லாம் வீடியோவில்தான்.

மூக்காண்டி மானிட்டரை அவள் பக்கம் திருப்பினான். “பாரும்மா, ஒரு டேட்டா பாக்கெட்கூட தொலையல. எல்லாம் போய்ச் சேந்துருக்கு.”

அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. திருவேங்கடம் சாலையில் ஒரு மாடி அறையிலிருந்து சுற்றுத் தெருக்களுக்கெல்லாம் இணையம் கொடுத்துக்கொண்டிருந்தான். படம் பாதியில் நிற்கிறது என்று போன மாதம் ஆளாளுக்குத் திட்டியதும், ரௌட்டரில் டேட்டா காத்து நிற்கும் வரிசையை ஒரேயடியாக நீளமாக்கிவிட்டான். வரிசை நிறைந்தால் ரௌட்டர் மிச்சத்தை வீசிவிடும். வீச அவனுக்கு மனம் வரவில்லை.

எதையும் எறியாத மனுஷன். எதற்கும் உடனே பதில் சொல்லாத மனுஷனும்கூட. “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீய?” என்று கல்யாணமான புதிதில் கனகலட்சுமி சிரித்துக்கொண்டே கேட்பாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். கோயம்புத்தூரில் ஒரு விடுதியில் வார்டன் வேலை கிடைத்தபோது “போகட்டா?” என்றாள். போகாதே என்ற ஒரு சொல்லை அவன் தேடி எடுப்பதற்குள் அவள் பெட்டி கட்டிவிட்டாள். வருஷம் ஒன்றாகிவிட்டது. ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்கும் அளவு அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. தனிமை ஆளை அரித்தது.

அன்று சாயங்காலம், ஊரே இணையத்தில் இருக்கிற நேரம், அவளே வீடியோவில் கூப்பிட்டாள். “எனக்கு இங்கன பிடிக்கல. வந்துரட்டா?”

“வா” என்றான். யோசிக்கவே இல்லை. அவன் ஆயுசிலேயே அது முதல் தடவை.

அவள் கண்கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மெல்லச் சுண்டியது. “இதுக்கும் யோசனையா? விடுங்க, நான் கேக்கவே இல்ல.” இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

அவனுடைய ‘வா’, அவன் நீட்டிவிட்ட வரிசையில், கல்யாண வீடியோ ஏற்றிக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஸ்டுடியோவுக்குப் பின்னால், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிய ஆம்புலன்ஸ் மாதிரி நின்றிருக்கும். தொலையவில்லைதான். போய்ச் சேர்ந்தபோது கேட்க ஆள் இல்லை. ஜரினா அப்போதே சொன்னாளே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

உடனே உட்கார்ந்து வரிசையைக் குறுக்கினான். குரலுக்கும் வீடியோ அழைப்புக்கும் முன்னால் போகத் தனி வழி விட்டான். மற்றதில் மிஞ்சுவதை ரௌட்டர் வீசட்டும், வேண்டுமென்றால் மறுபடி அனுப்பிக்கொள்வார்கள்.

மறுநாள் ஜரினா போன் செய்தாள். “இப்ப நல்லா சண்டை போடுதோம் அண்ணாச்சி!”

அந்தச் சந்தோஷத்தோடேயே கனகலட்சுமியைக் கூப்பிட்டான். இந்த முறை எடுத்தாள்.

“நேத்து நான் உடனேதான் சொன்னேன் கனகம். லைன்தான் இழுத்துட்டு. இப்பவும் சொல்லுதேன், வா.”

உதடும் குரலும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. கேட்டுவிட்டாள் என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் பேசவில்லை. மூக்காண்டி மானிட்டரைப் பார்த்தான். வரிசை காலியாக இருந்தது. அவளுடைய பதில் அங்கே எங்காவது நின்றுகொண்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினான். அவளுக்குப் பின்னால் ஜன்னல் சீலை காற்றில் எழும்பி, ஓர் இடத்திலும் திக்காமல், மெல்ல இறங்கியது.