முளைக்காத பந்தயம்

1986 ஏப்ரல் 26, சனி. மன்றப் பதிவேட்டில் நேற்று நூற்று மூன்றாம் நாள் என்று நான் எழுதியது தவறு. மார்ச் மாதத்துக்கு முப்பது நாளே போட்டிருக்கிறேன். நேற்று நூற்று நான்கு. திண்டிவனத்தில் மூன்று சீட்டுப் போட்டியின் கடைசிச் சுற்றில், எதிராளி வைத்த பந்தயத்தை ஏற்பதா விலகுவதா என்று காந்திமதி நூற்றைந்து நாள் யோசித்து, இன்று மாலை நாலரை மணிக்கு முடிவு சொன்னாள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு முப்பத்திரண்டு பேர் ஆட உட்கார்ந்தார்கள். காசு கிடையாது. ஒரே வேர்க்கடலை மூட்டையிலிருந்து ஆளுக்கு நூறு மல்லாட்டை எண்ணிக் கொடுக்கப்பட்டது. பாதிப் பேர் யோசனையில் தங்கள் பந்தயத்தை உரித்துத் தின்றே தோற்றார்கள். முதல் பரிசு விழுப்புரத்திலிருந்து லாரியில் வந்த தையல் மிஷின். மல்லாட்டை மில்லில் கூலிக்குப் போய்க்கொண்டே தையல் பரீட்சை தேறியிருந்த காந்திமதிக்கு அந்த மிஷின் வேண்டும். மாலையில் அவளும் விதை வியாபாரி அனந்தநாதனும் மட்டும் மிஞ்சினார்கள். அவர் நானூறு மல்லாட்டையை நடுவில் தள்ளினார். அவளிடம் இருந்ததும் நானூறுதான். அதை வைத்து ஷோ கேட்கலாம், இருவர் சீட்டையும் திறந்து காட்டச் சொல்லலாம். தோற்றால் எல்லாம் போகும். அவள் கையில் இரண்டு ஒன்பதும் ஒரு நாலும் இருந்தன.

அவள் யோசிக்கத் தொடங்கினாள். யோசிக்க எவ்வளவு நேரம் என்று விதியில் இல்லை. மன்றச் செயலாளர் சக்கரபாணி மூன்று முறை படித்துப் பார்த்தார். அனந்தநாதன் ஜைனர், இருட்டுமுன் சாப்பிட்டாக வேண்டும். தினமும் ஐந்தரைக்குச் சீட்டின் மேல் செம்பைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

"சாப்ட்டு வந்துர்றேம்மா. நீ யோசிச்சிக்கினு இரு."

"போய்ட்டு வாங்க மொதலாளி. சீட்டு எங்க ஓடப்போவுது."

ஆறாம் நாள் அவள் முன்னிருந்த மல்லாட்டை முளைத்தது. வேர் பச்சைத் துணியைத் துளைத்து மேசைப் பலகைக்குள் இறங்கியது. பந்தயப் பொருள் சேதமாகக் கூடாது என்ற விதிப்படி சக்கரபாணி காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்தார். பத்தாம் நாள் அவள் அம்மா அம்சவள்ளி கேப்பைக் கூழோடு வந்தாள்.

"மில்லுல உன் பேரை எட்த்துட்டாங்கடி. போதும், எழுந்து வா."

"எழுந்து எங்கம்மா போறது?"

முப்பதாம் நாள் மஞ்சள் பூ வந்தது. மன்றத்தில் இரண்டு கல்யாணப் பேச்சு முடிந்தது. மின்விசிறி பழுதாகி, சரியாகி, மறுபடி பழுதானது. காந்திமதி அன்றைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக நினைவில் ஓட்டினாள். அனந்தநாதன் கையில் நல்ல சீட்டு இருந்தால் காயைப் பார்க்காமல் அள்ளி வைத்தார். சீட்டு மோசமென்றால், போகப்போகிறது என்று தெரிந்து, அவர் விரல்கள் தாமாகவே திரட்சியான காய்களைத் தன் பக்கம் ஒதுக்கின. பருப்பில்லாத பொக்கைதான் நடுவுக்குப் போனது. விதையை விட்டுக்கொடுக்கத் தெரியாத விரல்கள். அவர் வைத்த நானூறில் முளைத்தது பதினொன்று.

இன்று நாலரைக்கு அவள் தன் செடிகளை மேசையோடு சேர்த்து ஒரு சாண் முன்னால் தள்ளி, "ஷோ" என்றாள். அவர் கையில் ராணி, எட்டு, மூன்று, சேராத சீட்டுகள்; அவளுடைய ஒன்பது ஜோடி ஜெயித்தது.

"என் காய் ஈரம் பட்டுக் கெட்டிருக்கும்னு தோணலியாம்மா?"

"தொண்ணூத்தொம்பது நாளா அதான் தோணிக்கினு இருந்திச்சிங்க."

அவர் சிரித்தார். தன்னிடம் மிஞ்சிய இருபது காயை வைத்து மேலே ஆட விரும்பவில்லை. விதைக்கு ஆகும் என்று மடியில் கட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிடப் போனார்.

நாளை செய்ய வேண்டியது: காலை ஆறு மணிக்கு நான்கு பேர் மேசையைப் பிடித்துக்கொள்ள, காந்திமதி செடிகளைப் பிடுங்குவாள். அதன்பின் மிஷினை ஏற்ற வண்டிக்காரர் விருத்தாசலம் வருவார்.