‘ம்’ கொட்ட ஓர் ஆள்

கோவர்த்தனன் இருந்தவரை கணக்கு எழுதுவது இரண்டு பேர் வேலை. பில்லைப் படிப்பது யசோதா, கம்ப்யூட்டரில் அடிப்பது அவர். ஆந்திரப் பக்கம் புத்தூரில் அவர்களுடைய பம்புசெட்டுக் கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் வரத்து குறையும். அப்போது அவள் பில் கட்டைப் பிரித்து நம்பர், பெயர், தொகை என்று வாசிப்பாள். படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் என்பதால் எண்கள் மட்டும் தெலுங்கில் வரும். அவர் அடித்து முடித்து "ம்" என்பார். அடுத்ததற்குப் போகலாம் என்று அர்த்தம். அவள் தப்பாகப் படித்துவிட்டால் "ஊஹும்". சில நாள் உண்ட அசதியில் கண்ணை மூடியபடியே "ம்" வரும்.

"துன்னுட்டுத் தூங்கிக்கினே ம் கொட்டாதய்யா. அடிச்சியா இல்லியா?" என்று அதட்டுவாள்.

கட்டு தீர்ந்ததும், "அவ்ளோதானா?" என்று கேட்பார்.

"அவ்ளோதான்" என்பாள். பிறகு டீ வரும்.

ஆடியில் ஏர்பேட்டுக்கு மோட்டார் இறக்கப் போனவர், போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மோட்டார் ஏற்றிப்போன வண்டியிலேயே அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

காரியங்கள் முடிந்து, கடைக்கு யசோதா பெயரில் புது ஜிஎஸ்டி பதிவும் வந்தது. பழைய சாஃப்ட்வேர் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்றார்கள். அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பழையதிலேயே தானே அடிக்கத் தொடங்கினாள். பில்லை வாய்விட்டுப் படித்தாள், அடித்தாள். அடித்த பின்னும் கை அடுத்த பில்லுக்குப் போகவில்லை. எதற்கோ காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில், அடித்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. திரும்பவும் அதையே படித்தாள்.

மறுநாள் வந்த கொழுந்தன் மோகன்ராஜ் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா அண்ணி, ஒரே மோட்டார ரெண்டு வாட்டி வித்துக்கீற? சாமர்த்தியந்தான்!"

அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

"நான் சொல்றத கேளு. கணக்க எங்கிட்ட குடுத்துடு. சரக்கையும் என் குடோனுக்கு மாத்திக்கலாம். நீ இன்னாத்துக்கு இங்க ஒண்டியா குந்திக்கினு?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் கடையைக் கொடுத்துவிட்டால், காலையில் எழுந்து எங்கே போவது? வீட்டில் அவருடைய செருப்பு இன்னும் வாசலிலேயே கிடந்தது.

"இந்த மாச ரிட்டர்ன நானே போடறேன் மோகனா. முடியலன்னா சாவிய நீயே எடுத்துக்கோ."

"இருபதாம் தேதிக்குள்ள போடணும் அண்ணி."

"தெரியும்."

அடுத்த வாரம் புது சாஃப்ட்வேர் வாங்கத் திருப்பதிக்கு பஸ் ஏறினாள். சாஃப்ட்வேர் விற்கும் அந்தக் கடை ஒரு மாடியில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தெலுங்கில் ஆரம்பித்து, யசோதா இரண்டு வார்த்தை பேசியதுமே தமிழுக்கு வந்துவிட்டாள்.

"எங்க ஊர் பேச்சு மாதிரியே கீதே ஆண்டி! நான் நகரி. பேரு ஹரிதா. சொல்லுங்க, எப்பிடிப்பட்டது ஓணும்?"

"சின்னக் கடைம்மா. லேசா இருக்கணும்."

ஹரிதா முதலில் காட்டியதில் சம்பளக் கணக்கு, குடோன் கணக்கு, கலர் கலராகப் படங்கள் எல்லாம் இருந்தன. யசோதா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எதுவும் மனதில் நிற்கவில்லை. அடுத்தது போனில் ஓடுவது.

"பில்ல போட்டோ புடிச்சா போதும், அதுவே எடுத்துக்கும். நீங்க வாயத் தொறந்து படிக்கக்கூட ஓணாம்!"

நல்ல வசதிதான். ஆனால் அதைக் கேட்டதும் யசோதாவுக்கு என்னவோ போல் இருந்தது. "வேற இல்லியாம்மா?" என்றாள்.

"ஒண்ணு கீது. பழசு. யாரும் கேக்கறதில்ல." ஹரிதா அரை மனதாகத் திறந்தாள். வெறும் வெள்ளைத் திரை, நாலு கட்டம். மாதிரிக்கு ஒரு பில்லை அடித்து எண்டர் தட்டினாள். கம்ப்யூட்டர் சின்னதாக 'டிங்' என்றது.

யசோதா நிமிர்ந்தாள். "அது இன்னா சத்தம்?"

"பில் ஏறிடுச்சுன்னு சொல்லுது. தொந்தரவா இருந்தா ஆஃப் பண்ணிடலாம். எல்லாரும் மொதல்ல அதத்தான் பண்ணுவாங்க."

"அதே பில்ல இன்னொரு வாட்டி அடி."

ஹரிதா அடித்தாள். இந்த முறை தாழ்ந்த குரலில் இரண்டு தடவை ஒலித்தது. 'இந்த பில் முன்பே உள்ளது' என்று சிவப்பில் ஒரு வரியும் வந்தது.

"ஊஹும்னு சொல்லுது" என்றாள் யசோதா.

"இன்னா ஆண்டி?"

"ஒண்ணுமில்ல. இதையே குடு. சத்தம் இருக்கட்டும்."

பதினெட்டாம் தேதி மதியம் கட்டைப் பிரித்தாள். வாய்விட்டுப் படித்தாள், அடித்தாள். 'டிங்.' அடுத்தது. 'டிங்.' நடுவில் ஒரு தடவை கை தடுமாறி முந்தின பில்லையே எடுத்துவிட, அது இரண்டு தடவை முனகியது. "சரி சரி" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு மாற்றினாள். பைப் கேட்டு வந்த ஒருவர் கடைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

ரிட்டர்ன் ஏறியதும் மோகன்ராஜுக்குப் போன் செய்தாள்.

"போட்டாச்சு மோகனா."

"நெஜமாவா? ரெண்டு மோட்டார் இல்லியே?"

"ஒண்ணுதான்டா."

"சரி அண்ணி. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டான்.

கட்டைச் சேர்த்துக் கட்டினாள். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருப்பது போல் இருந்தது. திரையைப் பார்த்தாள். வெள்ளைத் திரையில் நாலு கட்டங்களும் காலியாக இருந்தன. அது எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் தெரியாது.

"அவ்ளோதான்" என்றாள், தானாகவே.

பிறகு டீ வாங்கி வர எழுந்து போனாள்.