அத்தான் ஓட்டிய வண்டி

விமானங்கள் வருவது நின்றுபோன பழைய ஓடுதளத்தில் ஞாயிறுதோறும் கார் பந்தயம் நடக்கும். இரண்டிரண்டு வண்டிகளாக விடுவார்கள். நேர்கோட்டில் நானூறு மீட்டர். எச்சில் விழுங்குவதற்குள் முடிந்துவிடும். அதற்காக வாரம் ஆறு நாள் என் பட்டறையில் இன்ஜினைக் கழற்றி மாட்டுவேன். ஏழாம் நாள் அக்கா புருஷன் வந்து உட்கார்ந்து ஓட்டி, பேரைத் தட்டிக்கொண்டு போவார். வண்டி என்னவோ எங்கள் இருவருக்கும் பொதுதான்.

அத்தானுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை. வாரம் முழுக்க முப்பதைத் தாண்டாத மனிதர், எங்கள் வெள்ளைக் காரில் ஏறினால் ஆளே வேறு. மீசையை முறுக்கிக்கொண்டு வரும் கசாப்புக்கடைக்காரர், எடை குறைய வேண்டுமென்று பின்சீட்டையே பிடுங்கிப்போட்ட பல் டாக்டர் என்று எல்லாரும் அவரிடம் மண்ணைக் கவ்வியவர்கள். ஊர் அத்தானுக்கு 'மின்னல்' என்று பேர் வைத்தது. எனக்கு வைத்த பேர் 'மின்னலோட மச்சான்'.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் பத்திரிகையில் அத்தானின் படம் வந்தது. பானெட்டுக்குள் குனிந்திருந்த என் முதுகும் அதில் விழுந்திருந்தது. அம்மா படத்தை வெட்டினாள். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தையும் நறுக்கினாள். நறுக்கிய ஓரம் நான்.

"முதுகுதானேடா, மூஞ்சியா?" என்றாள்.

வயிறு பற்றி எரிந்தது. அடுத்த ஞாயிறு காலை டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் பின்னால் திருப்பி வைத்தேன். தீப்பொறி தாமதமாக விழும், வண்டி இழுக்காது. பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தெரியாது. அவர் தோற்பதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பார்த்தேன். பல் டாக்டர் இரண்டு வண்டி நீளம் முந்திப் போனார். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது.

"என்ன மின்னல், மச்சான் இன்ஜின்ல கோட்டை விட்டுட்டாரா?" என்று டாக்டர் கேட்டார்.

அத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். "இன்ஜின் தங்கம். நான்தான் கிளட்ச்ச லேட்டா விட்டேன்."

கூட்டம் அதற்கும் கைதட்டியது. ஜெயித்தாலும் அவர், தோற்றாலும் அவர்.

சாயங்காலம் டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தபோது பட்டறை வாசலில் அத்தான் நின்றார். என் முகத்தில் ஈயாடவில்லை.

"வண்டிய ஸ்டார்ட்டிங் கோட்டுக்குக் கொண்டு போறப்பவே தெரிஞ்சுது," என்றார். "சத்தம் சரியில்ல."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நாளைக்கு உன்ன நம்பி எவன் வண்டிய விடுவான்? உன் பொழப்புல மண்ணு விழும்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஓட்டணும்னு ஆசையிருந்தா வாயத் திறந்து கேக்க வேண்டியதுதானே மச்சான்."

அவர் திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு நான் ஓட்டினேன். அதே வண்டி, அதே இன்ஜின். ஸ்டாப்வாட்ச் பிடித்தவள் அக்கா. அத்தான் பதினாலு நொடியில் தாண்டும் தூரத்தை நான் பதினைந்தரையில் தாண்டினேன். இரண்டாவது கியர் விழாமல் கரகரத்ததை எல்லோரும் கேட்டார்கள்.

"நான்தான் பொத்தான சரியா அமுக்கல போலடா," என்றாள் அக்கா. அத்தானும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

தோற்றதைவிட அந்தப் பொய்தான் சுட்டது. "சரியாத்தான் அமுக்கின," என்று சொல்லிவிட்டு, சாவியை அத்தான் கையில் வைத்தேன்.

அதற்குப் பிறகும் நாலு வருஷம் அவர் ஓட்டினார், நான் இன்ஜின் கட்டினேன். ஓடுதளத்தில் இப்போது வரிசையாக வீடுகள். அந்தக் காலத்து ஆட்கள் பட்டறைக்கு வந்தால் மின்னலைப் பற்றித்தான் பேச்சு. டாக்டரிடம் தோற்றது எப்படி என்று யாராவது கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். எனக்கென்ன வெட்கம் இனிமேல்.

கேட்டு முடித்ததும் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "என்ன மனுஷன்யா அவரு."

ஆமாம் என்பேன். சொல்லும்போது இன்றைக்கும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.