ஞாயிற்றுக்கிழமை மேசை

அம்ஹரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பிடிக்காமல் போகும்படி அவன் ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். வந்தான், எல்லோருக்கும் சிரித்தான், டோஹாவிலிருந்து கொண்டுவந்த சொக்லட் பெட்டியை மேசையில் வைத்தான், என் நாற்காலியை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தான்.

"சாச்சாட மகன் மச்சான். இவனும் ஆடுவான்" என்று தன் சித்தப்பா மகனைக் காட்டினான் ஷிஃபான். பள்ளிக்கூட நாளிலிருந்து என் ஒரே கூட்டாளி. இத்தனை பெருமையாக அவன் என்னை யாருக்கும் அறிமுகம் செய்ததில்லை.

ஆட்டம் என்றால் சீட்டாட்டம் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். எந்தப் பகடை, எத்தனை விழவேண்டும் என்பதை விதிப்புத்தகம் சொல்லும். மாத்தளையில் இது நடப்பது என் டியூஷன் அறையில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கணக்கு வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும், நான், ஷிஃபான், என் சித்தி மகள் ஜெயந்தினி. ஐந்து வருஷமாகக் கதை நடத்துவது நான்தான். வாரம் முழுக்க 'சேர், சேர்' என்று வாத்தியாரான என்னைக் கூப்பிடும் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் கொட்டாவி விடுவது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வாயைத் திறந்தால் இரண்டு பேர் கண் கொட்டாமல் கேட்டார்கள். எனக்கு இருந்தது அவ்வளவுதான்.

வாளும் அரக்கர்களும் அலுத்துப்போய், இந்தக் காலத்து உளவாளிக் கதை வேண்டும் என்று ஜெயந்தினிதான் ஆரம்பித்தாள். அதற்குப் புதிய விதிமுறை தேவை. நான் ஒன்றைத் தேடி எடுத்து, தலையணை கனத்தில் அச்சடித்து, பைண்ட் பண்ணி வைத்திருந்தேன். அம்ஹர் தொண்டையைச் செருமினான். அவனிடமும் ஒன்று இருக்கிறதாம், டோஹாவில் அறைத் தோழர்களோடு ஆடியதாம். ஆளுக்கொரு ஞாயிறு ஆடிப் பார்ப்போம், பிடித்ததை எடுப்போம் என்று முடிவானது. யாருடைய விதிமுறையோ அவர்தான் கதை நடத்துவார். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

என் ஞாயிறு முதலில். இரத்தோட்டை வீதியில் மோட்டார் சைக்கிள் துரத்தல். என் புத்தகத்தில் வேகத்துக்கு ஓர் அட்டவணை, வளைவுக்கு ஓர் அட்டவணை, ஈரத் தார்வீதிக்குத் தனி அட்டவணை. நான் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் ஜெயந்தினி இரண்டு தரம் தேத்தண்ணி போட்டுவிட்டாள். சாயந்தரமாகியும் மோட்டார் சைக்கிள் முதல் வளைவைத் தாண்டவில்லை.

"நல்ல டீட்டெயிலா இருக்கு" என்றான் அம்ஹர். கிண்டலாகச் சொல்லியிருந்தால் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். மனதாரச் சொன்னான்.

அடுத்த ஞாயிறு அவனுடையது. ஒரே ஒரு தாள். துப்பாக்கி இல்லை, பகடையும் இல்லை. ஆளுக்கொரு பொய்யான பெயர், ஊர், தொழில். கேட்பவரிடம் பொய்யைக் காப்பாற்ற வேண்டும், சொன்ன பொய்யை மறக்கவும் கூடாது. ஷிஃபான் கொழும்பிலிருந்து வந்த தேயிலை வியாபாரி. எல்கடுவ பஸ்ஸில் போகிறான். பக்கத்துச் சீட்டில் மரக்கறிப் பையோடு ஒரு பெண். அந்தப் பெண்ணாகப் பேச அம்ஹர் குரலைக்கூட மாற்றவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கேட்டான்:

"தம்பி யாரு ஊட்டுப் புள்ள?"

"ரவூப் ஹாஜியார்ட மகன்" என்றான் ஷிஃபான்.

ஜெயந்தினி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். சொந்த வாப்பாவின் பெயரையே சொல்லிவிட்ட ஷிஃபான் வாயைப் பொத்திக்கொண்டான். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல யாரும் பழகியதில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து பஸ்ஸிலும் கடையிலும் கலியாண வீட்டிலும் அதற்குப் பதில் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். உலகத்து உளவாளிகள் எல்லாம் துப்பாக்கிக்குப் பயப்பட, இங்கே ஒரு மரக்கறிப் பைக்காரி போதும். என் புத்தகத்தில் அத்தனை பக்கம் இருந்தும் அதற்கு ஓர் அட்டவணை இல்லை.

நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பொறாமை வந்தது. ஷிஃபான் அம்ஹரைப் பார்த்த பார்வை அப்படி. ஐந்து வருஷம் அது எனக்குரிய பார்வை.

விதிமுறை எது என்று தீர்மானிக்கும் நாள் வந்தது. ஜெயந்தினி, "அண்ணே, மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றாள். நான் நியாயமாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"அம்ஹரோட தாளத்தான் எடுக்கப் போறீங்கன்னா எடுங்க. நான் இனிமே வரல்ல."

என் அறையில், என் மேசையில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றேன். அதன் அபத்தம்கூட அப்போது உறைக்கவில்லை. மூன்று பேரும் மேசையைப் பார்த்தார்கள். முதலில் கையைத் தூக்கியது அம்ஹர். "சுதர்ஷன் அண்ணன்ட புத்தகத்தையே எடுப்போம்." பின்னாலேயே மற்ற இரண்டு கைகளும் எழுந்தன.

அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம். ஜெயித்தவனின் தூக்கம்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் மூவரும் வந்தார்கள். துரத்தினார்கள், சுட்டார்கள், நான் கூட்டிக் கழிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள். யாரும் கொட்டாவி விடவில்லை. நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று டியூஷன் இல்லை. ஷிஃபானுக்குப் போன் எடுத்து, சும்மா வீட்டுப் பக்கம் வா என்றேன்.

"வாப்பாவோட வில்கமுவக்குப் போற மச்சான், நெல்லு பாக்க. பஸ்ஸும் இல்ல, லொறியிலதான். வர இருட்டிடும்" என்றான். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

பின்னேரம் கடைவீதியில் ரவூப் ஹாஜியார் பூட்டிய கடை வாசலில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"வில்கமுவக்குப் போகல்லயா?" என்று கேட்டேன்.

"வில்கமுவக்கா? நாங்க அங்க நெல்லு எடுக்கிறத விட்டு எவ்வளவு காலம்!" என்றார். "ஷிஃபான் ஒங்கட தங்கச்சி ஊட்டுக்குத்தானே போன. ஒவ்வொரு போயாவும் அங்கதான். ஏன், நீங்க போகல்லயா?"

நடந்தே போனேன். கோபத்தில் நடந்தால் தூரம் தெரியாது என்பார்கள், எனக்கு ஒவ்வொரு லைட் கம்பமும் தெரிந்தது. கதவைத் திறந்தது தங்கம்மா சித்தி.

"வா ராசா, ஏன் இவ்வளவு லேட்டு? எல்லாரும் எப்பவோ வந்துட்டாங்க" என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

உள்ளே சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர். நடுவில் ஒற்றைத் தாள். ஷிஃபான் கையை ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

"நெல்லு எப்படி, நல்ல வெளைச்சலா?" என்றேன்.

"மச்சான்..."

"எத்தன மாசமா?"

நான் அம்ஹர் பக்கம் திரும்பினேன். சேர்த்து வைத்த எல்லாவற்றையும் கொட்டினேன். கூட்டாளியைப் பறித்தவன், கூடப் பிறந்தவள் மாதிரி இருந்தவளின் மனதைக் கலைத்தவன், சிரித்துக்கொண்டே குழி பறித்தவன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பொறுக்கமாட்டாமல் எழுந்தது ஜெயந்தினி.

"போதும் அண்ணே! ஒங்க ஞாயித்துக்கெழமைய நாங்க அன்னிக்கே விட்டிருப்போம். ஷிஃபான் விடுறேன்னுதான் நின்னாரு. நானும்தான். இவருதான் வேணாம்னாரு. அண்ணனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு, விட்டீங்கன்னா மனசு ஒடஞ்சி போயிடும்னு கெஞ்சி எங்களக் கூட்டிட்டு வாராரு. தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. ஷிஃபானைப் பார்த்தேன், இல்லையென்று சொல்லுவான் என்று. சொல்லவில்லை. அம்ஹர் அவர்களை என்னிடமிருந்து பறித்திருந்தால் தாங்கியிருப்பேன், காலமெல்லாம் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன். அவன் வாராவாரம் அவர்களை எனக்கு அனுப்பி வைத்திருக்கிறான்.

சித்தி தேத்தண்ணியோடு வந்தார். அம்ஹர் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினான். "உக்காருங்க அண்ணன்" என்றான். நான் உட்காரவில்லை.

"இந்த ஞாயித்துக்கெழம யாரும் வர வேணாம்" என்றேன்.

"ஏன் மச்சான், அப்பிடிச் சொல்லாத" என்றான் ஷிஃபான். வாய் அப்படித்தான் சொன்னது. ஆனால் முகத்தில் நிம்மதி வந்துவிட்டது. அதை மறைக்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.