பல்லிலிருந்து பத்துக் காலடி

பல்லக்கா என்ற பெயர் அவளுக்கு வந்ததில் அவளுடைய பல்லுக்கு எந்தப் பங்கும் இல்லை. பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து ஊரார் வாய்க்குப் பல் செய்வது அவள் வேலை. நோயாளி கடித்துக் கொடுத்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, வெள்ளை வார்ப்பு எடுத்து, அதன்மேல் மெழுகில் ஒவ்வொரு பல்லாக உட்கார வைக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக இதே வேலை. விடியற்காலையில் ஒரு மணி நேரம் கடற்கரையில் நடந்துவிட்டு வந்தால்தான் அவள் கை மெழுகைச் சீவும்போது நிதானமாக இருக்கும். மழைக்காலத்தில் நடக்க முடியாமல் போன நாட்களில் செய்த பல்செட்டுகள்தான் பெரும்பாலும் திரும்பி வரும் என்று டாக்டரே கண்டுபிடித்திருந்தார்.

நடக்கும்போது அவள் யாருடனும் பேசமாட்டாள், பார்ப்பதோடு சரி. அலை இறங்கியதும் நண்டுகள் மணலை உருண்டை உருண்டையாகத் துப்பி வைப்பது, ஆலாப் பறவைகள் மீனுக்காகத் தண்ணீரில் தலைகீழாக விழுவது, கரை ஒதுங்கிய சொறிமீன் வெயில் ஏற ஏறக் கண்ணாடி மாதிரி வற்றிப்போவது எல்லாம் அவளுக்கு அலுக்கவே அலுக்காது. எல்லாவற்றையும்விட உப்புக்கொத்தி என்றால் உயிர். கைக்குள் அடங்கும் பறவைதான், ஆனால் என்ன ஓட்டம்! இரண்டு குச்சிக் காலில் ஓடுவதும், சட்டென நிற்பதும், மறுபடி ஓடுவதுமாக, எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தது போலவே இருக்கும். அது கூடு கட்டாது. வெறும் மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மூன்று முட்டை, அவ்வளவுதான். முட்டையும் மணல் நிறம். பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தாலும் கண்ணில் படாது.

இந்த வருடம் ஐந்து குழிகளைக் கண்டுபிடித்திருந்தாள். மறந்துபோகாமல் இருக்க அடையாளம் வேண்டுமே! முட்டைக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் காகம் இரண்டே நாளில் கணக்குப் போட்டுவிடும். அதனால் மருத்துவமனையில் தூக்கிப்போடும் பழைய வார்ப்புகளை எடுத்து வந்து, ஒவ்வொரு குழிக்கும் பத்துக் காலடி தள்ளிக் கடல் பக்கமாக ஒன்று புதைத்தாள். மேல் வரிசைப் பற்கள் மட்டும் வெளியே தெரியும். அந்தப் பல்லின் அருகே கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, மணல்மேட்டைப் பார்த்து நேராகப் பத்துக் காலடி வைத்தால் முட்டை. இது அவளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

கடற்கரைக் காவலர் முதல் தடவை அந்தப் பல்லைப் பார்த்துவிட்டு ஆடிப்போய்விட்டார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்கு விசில்காரர் என்றே பெயர். "யாரோ பல்லைக் கழட்டி வச்சுட்டு குளிக்கப் போனவங்க திரும்பி வரலையோன்னு பதறிட்டேங்க," என்றார். பல்லக்கா சிரித்தாளே தவிர, விஷயத்தைச் சொல்லவில்லை.

சொன்னது ஒரே ஒருவனிடம்தான். கூடப் பிறந்த தம்பியிடம்.

தம்பி சர்வேயர். ஆறடிக்கு மேல் உயரம். அக்கா அவன் நெஞ்சுக்குக்கூட வரமாட்டாள். சின்ன வயதில் "குள்ளக் கத்திரிக்கா" என்று அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அடி வாங்கியது கொஞ்சநஞ்சமில்லை. நான்கு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அவன் மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தபோது எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். சம்பந்தியின் டிரைவர்கூடப் படத்தில் இருக்கிறார், அக்கா இல்லை. மறந்துவிட்டோம் என்றார்கள். மறப்பதற்கு அவள் என்ன குடையா? அன்று வந்த கோபம் வைராக்கியமாக உறைந்துபோயிற்று.

அப்படிப்பட்டவன் ஒரு விடியற்காலையில் ரப்பர் செருப்போடு கடற்கரையில் வந்து நின்றான். "முட்டி வலிக்குதுக்கா. டாக்டர் தினம் நடக்கச் சொல்லிட்டாரு. தனியா நடக்க ஒரு மாதிரியா இருக்கு, உங்கூட வரட்டுமா?" என்றான்.

பல்லக்கா நான்கு வருடம் சேர்த்து வைத்த கோபம் நான்கு நிமிடம் தாங்கவில்லை. "வாயேன், கரை என்ன என் பாட்டன் சொத்தா?" என்று முகத்தை மட்டும் கடுகடுப்பாக வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அன்றன்று பார்த்ததை எண்ணி எழுதுகிற நோட்டு அது. 'உப்புக்கொத்தி 9, ஆலா 30, நாரை 2' என்று எழுதி, அதன் கீழே சின்னப் பிள்ளை போல 'தம்பி 1' என்றும் எழுதிக்கொண்டாள்.

இருபத்து மூன்று நாள் வந்தான். அவன் பேசிக்கொண்டே நடந்தான், அவளும் தன் மௌன விரதத்தைக் கைவிட்டுவிட்டாள். ஒரு வாரம் கழித்து அவனே மணலில் தெரிந்த பல்லைப் பார்த்து என்னவென்று கேட்டான். அவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தூரத்திலேயே நிறுத்தி வைத்து ஐந்தையும் காட்டினாள். "கிட்டப் போகக்கூடாதுடா. நம்ம போனா அது எழுந்து ஓடும், முட்டை வெயில்ல வெந்துடும். பல்லுலேருந்து மேட்டைப் பாத்துப் பத்துக் காலடின்னு தெரிஞ்சா போதும்."

"பத்துக் காலடின்னா ஏழரை மீட்டர்," என்றான் உடனே. "என் காலடி முக்கால் மீட்டர்க்கா. முப்பது வருஷமா நடந்து பழகினது. டேப்பு தப்பினாலும் என் கால் தப்பாது."

தொழில்காரன் பெருமை அடித்துக்கொள்கிறான் என்று விட்டுவிட்டாள். அவன் குரலைக் கேட்பதே சுகமாக இருந்தபோது திருத்த எங்கே மனம் வரும்?

ஐந்தாவது பல்லைப் பார்த்ததும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். முன்வரிசையில் ஒரு பல் இல்லாத வார்ப்பு அது, அவனுடையதேதான். இருபத்து நாலு வயதில் பந்து விளையாடப் போய்ப் பல்லை உடைத்துக்கொண்டு வந்தவனுக்கு அவள் முதன்முதலாகச் செய்த ஒற்றைப் பல்லின் வார்ப்பை ஜன்னல் ஓரத்தில் பத்திரமாக வைத்திருந்தாள். கல்யாணக் கோபம் ஆறாமல்தான் இந்த வருடம் அதைத் தூக்கி வந்து மணலில் புதைத்திருந்தாள். "என்னைய உயிரோட பொதைச்சுட்டியேக்கா!" என்றான். அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

இருபத்து நாலாம் நாள் அவன் வரவில்லை. முட்டி வலி அதிகமாகியிருக்கும், சாயங்காலம் தைலம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தனியாக நடந்தாள். முதல் பல்லை நெருங்கியபோது சட்டென நின்றாள். மேட்டுப் பக்கமாக மணலை யாரோ சதுரமாக வாரியிருந்தார்கள். கோடு கோடாகக் குப்பை வாரும் பல்வாரியின் தடம். இரண்டாவது பல்லுக்கு நேராகவும் ஒரு சதுரம், மூன்றாவதற்கும், நாலாவதற்கும் அப்படியே. போச்சு, எல்லாம் போச்சு என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் உப்புக்கொத்தி ஒன்று அவள் முன்னால் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. முட்டை போன பறவை பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்காதே! எழுந்தாள். முதல் பல்லின் அருகே நின்று எண்ணத் தொடங்கினாள். பத்தாவது காலடியில் குழி இருந்தது, மூன்று முட்டையும் இருந்தன. தொட்ட தடயம்கூட இல்லை. சந்தோஷத்தில் இரண்டாவது பல்லுக்கு ஓடினாள், அங்கும் மூன்று. அடுத்ததிலும் மூன்று, அதற்கடுத்ததில் இரண்டு முட்டையும் ஈரம் காயாத ஒரு குஞ்சும்.

பிறகு எதற்கு வாரினார்கள்? நாலாவது குழியைத் தாண்டி மேலும் எண்ணிக்கொண்டு போனாள். பதினாலாவது காலடியில் வாரிய சதுரம் தொடங்கியது, பதினைந்தாவதில் அதன் நடு. திரும்பி வந்து மூன்றாவதிலும் எண்ணினாள், அங்கும் அப்படியே. அவளுடைய குட்டைக் காலுக்குப் பதினைந்து என்றால் நெட்டைக் காலுக்குப் பத்து. ஏழரை மீட்டர். டேப்பு தப்பினாலும் தப்பாத கால்.

வந்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோயிற்று. அவன் துரோகம் செய்ய எடுத்த தப்பான அளவுதான் அந்த முட்டைகளைக் காப்பாற்றியிருந்தது. அவன் ஒருநாளாவது அக்காவின் காலைப் பார்த்து நடந்திருந்தால், அவள் காலடி எவ்வளவு சின்னது என்று தெரிந்திருக்கும். அத்தனை நாளும் பக்கத்தில் நடந்தவன் அவளைப் பார்க்கவே இல்லை.

ஐந்தாவது பல்லுக்குக் கடைசியாகப் போனாள். அங்கும் சதுரம் தள்ளித்தான் இருந்தது. ஆனால் வாரியோடு நடந்த ஆட்களில் எவனோ ஒருவனின் செருப்பு சரியாகக் குழியில் இறங்கியிருந்தது. ஓடு நொறுங்கி, மஞ்சள் கரு மணலோடு காய்ந்து, எறும்பு மொய்த்தது. தாய்ப்பறவை இன்னும் போகவில்லை. அவளைக் கண்டதும் ஒரு இறக்கையை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு நொண்டியது. வேட்டைக்காரனைக் குழியிலிருந்து விலக்கிக் கூட்டிப்போக அது போடும் வேஷம். காப்பாற்ற ஒன்றுமே இல்லாத இடத்தில் அது நொண்டிக்கொண்டிருந்தது. பல்லக்காவுக்கு அழுகை வந்தது. நொண்டி வந்தவன் இன்னொருவனும் உண்டு. முட்டி வலியாம், முட்டி வலி!

விசில்காரர் வந்து பக்கத்தில் நின்றார். "நேத்து சாயங்காலம் மேட்டுக்குப் பின்னாடி இருக்கற விடுதி ஆளுங்க வந்து வாரினாங்கம்மா. சாய்வு நாற்காலி, கொட்டகை எல்லாம் போடப் போறாங்களாம். குப்பை வாரறோம்னு சொன்னாங்க, ஆனா கையில ஒரு சீட்டை வச்சு அளந்து அளந்துல்ல வாரினாங்க! யாரோ சர்வேயர் போட்ட படமாம். இன்னிக்கு எட்டு மணிக்கு அனுமதி குடுக்கற பெரிய அதிகாரி வர்றாங்க. கூடு இல்லன்னா கையெழுத்து, இருந்தா கிடையாதாம்."

பல்லக்கா போனை எடுத்தாள். தம்பியின் எண்ணைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. டாக்டருக்குப் பேசி, இன்று தாமதமாகும், காத்திருக்கிற வாய் காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மணலிலேயே உட்கார்ந்தாள். குழியைக் காட்டினால் தம்பியின் பிழைப்பு என்ன ஆகுமோ தெரியாது. காட்டாவிட்டால் நாளைக்கே இங்கே கொட்டகைக் கால் நடுவார்கள். எட்டு மணி வரைக்கும் அதையே நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

அதிகாரி தொப்பி போட்ட ஒரு நடுவயதுப் பெண். அவரோடு வந்த தம்பி ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினான். முட்டி நன்றாகவே வேலை செய்தது. அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"இவங்க யாரு?" என்றார் அதிகாரி.

"தினம் இங்க நடக்க வர்றவங்க மேடம்," என்றான் தம்பி.

அவ்வளவுதான் சொன்னான். கல்யாணப் படத்தில் இல்லாமல் போனதைக்கூட அவள் மறதி என்று மன்னித்திருந்தாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதுவரை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த மனம் அந்த நொடியில் ஒரு பக்கமாக நின்றுவிட்டது.

"ரிப்போர்ட்ல கூடு எதுவும் இல்லன்னு போட்டிருக்கீங்க," என்று அதிகாரி தாளைப் புரட்டினார்.

"ஆமாங்க மேடம். அங்குலம் அங்குலமா பாத்தாச்சு."

"மேடம், ஒரு நிமிஷம்," என்றாள் பல்லக்கா. முதல் பல்லின் அருகே போய்க் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டு நடந்தாள். தம்பி அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான், முதல் தடவையாக. பத்து என்று நின்று குனிந்து விரலை நீட்டினாள். அதிகாரி மண்டியிட்டு இரண்டு முறை தேடியபிறகே முட்டை கண்ணில் பட்டது. அடுத்த மூன்று குழிகளையும் பல்லக்கா அதேபோல எண்ணிக் காட்டினாள்.

"வாரின சதுரமெல்லாம் கூட்டுக்கு நேராவே இருக்கே! இங்க கூடு இருக்குன்னு அவங்களுக்கு யார் சொன்னது?"

"நான்தான் மேடம் சொன்னேன்," என்றாள் பல்லக்கா. "ஒரே ஒருத்தன்கிட்ட." தம்பியின் பக்கம் அவள் திரும்பவில்லை. அவன் செருப்பால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அதிகாரி அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "எப்பலேருந்து பாத்துட்டு வர்றீங்க? எழுதி ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, மதிப்போடு தலையசைத்துக்கொண்டே வந்தார். "அருமையா எழுதியிருக்கீங்களே. உப்புக்கொத்தி, ஆலா, நாரை…" என்று வாய்விட்டுப் படித்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். "தம்பி ஒண்ணு. தம்பி ஒண்ணு. வரிசையா இருபத்து மூணு நாள் வந்திருக்கே! இது என்ன பறவை? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

விசில்காரர் எங்கோ பார்த்தார். தம்பி நிமிர்ந்தான். "அக்கா…" என்று அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அது இந்தக் கரைப் பறவை இல்ல மேடம்," என்றாள் பல்லக்கா. "இனிமே வராது."

நோட்டைத் திரும்ப வாங்கி, பென்சிலை எடுத்து, நின்றபடியே அன்றைய தேதியைப் போட்டாள். உப்புக்கொத்தி 9, குஞ்சு 1 என்று எழுதி மூடினாள். ஐந்தாவது பல்லிடம் போய் அந்த ஓட்டைப் பல் வார்ப்பைப் பிடுங்கி, மணலைத் தட்டி, ஜீப்பின் முன் இருக்கையில் வைத்தாள். பிறகு மருத்துவமனைக்கு நேரமாகிவிட்டது என்று நடக்கத் தொடங்கினாள்.