இரண்டு எண்ணெய்

லிட்கம் ஸ்டேஷன் வாசலில் இன்றைக்கு ரயில் ஓடாது என்று அறிவிப்புத் தொங்கியது. எழுபத்தெட்டாம் ஆண்டு, காலை எட்டு மணி. ஒன்பதுக்குப் பரீட்சை. சந்திரவதனா அறிவிப்பை மறுபடி வாசித்தாள். யாழ்ப்பாணத்தில் டொக்டராக இருந்தவள், சிட்னியில் ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறாள். வெளிநாட்டு டொக்டர்களுக்கான பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டாயிற்று. மூன்றாம் தரத்துக்கு மேல் விடமாட்டார்கள்.

"ஏறும், நான் கொண்டுபோய் விடுறன்," என்றான் மோட்டார் சைக்கிளில் இருந்த புருஷன் மகேந்திரராஜா.

வேறு வழி? ஏறினாள்.

அது நூறு சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி, பெற்றோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும். மூடி மறைப்பு ஒன்றும் கிடையாது. எஞ்சினும் குழாயும் அப்படியே வெளியே தெரியும். மெதுவாக ஓட்டினால் இருமும், சிணுங்கும். ஹாண்டிலைத் திருகிப் பிடித்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று மூச்சு வந்து, பின்னால் இருப்பவரின் கழுத்தை வெட்டி இழுக்கும். மகேந்திரராஜா ஒரு நாளும் அதை அந்தக் கட்டத்துக்குப் போக விட்டதில்லை. எஞ்சினுக்கு நோகுமாம்.

"இஞ்சருங்கோ, கொஞ்சம் கெதியா."

"ஓம், ஓம்."

ஓமுக்குக் குறைச்சல் இல்லை. ஆஷ்ஃபீல்ட் ஏற்றத்தில் வண்டி புகையைக் கக்கிவிட்டு நின்றது. மணி எட்டரை. பிளக்கைக் கழற்றினால், கறுப்பு எண்ணெயில் குளித்திருந்தது. இருக்கைக்குக் கீழே இருந்த சின்னக் கண்ணாடித் துளைக்குள் ஏதோ தளும்புவது சந்திரவதனாவின் கண்ணில் பட்டது.

"இதுக்குள்ள என்ன?"

"எண்ணெய். வண்டி அதைத் தானாவே எஞ்சினுக்கு அனுப்பும்."

"அப்ப பெற்றோலுக்குள்ள நீங்கள் கலக்கிறது?"

"அதுவும் எண்ணெய்தான். ஊரில அப்பிடித்தானே ஊத்தினனாங்கள். கொஞ்சம் கூட இருந்தா எஞ்சினுக்கு நல்லது எண்டு..."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரே மருந்தை ரெண்டு பேர் குடுத்தா நோயாளி என்ன ஆவான்?"

அவளே கொண்டை ஊசியை உருவி, பிளக்கைச் சுரண்டி, கைலேஞ்சியால் துடைத்துக் கொடுத்தாள். மூன்றாவது உதையில் வண்டி உயிர் பெற்றது.

"திருகுங்கோ. நோகட்டும்."

திருகினான். வண்டி அலறிக்கொண்டு பாய்ந்தது. எட்டு ஐம்பத்தைந்துக்கு மண்டப வாசலில் குதித்தவள், போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் ஓடினாள்.

கேள்வித்தாளைப் புரட்டியபோது ஜன்னலுக்கு வெளியே அதே அலறல் கேட்டது. போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. இந்த மனுசனுக்கு விசரா? வேலைக்குப் போகாமல் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கிறதே! எரிச்சலோடுதான் எழுதத் தொடங்கினாள். போகப் போக, சத்தம் ஒரு சுற்று வருவதற்குள் ஒரு பந்தி எழுதிவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. பேனா ஓடியது.

பன்னிரண்டுக்கு முடிய வேண்டும். இருபது நிமிடம் இருக்கையில் சத்தம் நின்றது.

காத்திருந்தாள். வரவில்லை. கடைசிக் கேள்வி அப்படியே கிடந்தது. பஸ்ஸில் மோதினானோ? திருகச் சொன்னதே அவள்தானே. எழுந்து ஓடினால் பரீட்சை போய்விடும். கண்ணில் தண்ணீர் முட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரி வரை எழுதினாள்.

மணி அடித்ததும் ஓடிவந்தாள். நடைபாதை ஓரத்தில், வண்டிக்குப் பக்கத்தில், மடியில் ஹெல்மெட்டோடு மகேந்திரராஜா உட்கார்ந்திருந்தான்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்? செத்துப்போனீங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

"நான் நிப்பாட்டேல்லை. பெற்றோல் முடிஞ்சுது." தாங்கியைத் தட்டிக் காட்டினான். "அந்தக் கலவை எரிஞ்சு முடியட்டும் எண்டுதான் சுத்தினனான். காசு குடுத்து வாங்கினதைக் கீழ ஊத்திவிட மனம் வரேல்லை. இனி வெறும் பெற்றோல்தான்."

திட்ட வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

"எழுதி முடிச்சனீரோ?"

"முடிச்சனான்."

பெற்றோல் செட் அரை மைல் தள்ளி இருந்தது. அவன் ஹாண்டிலைப் பிடித்துக்கொள்ள, பின்னால் நின்று அவள் தள்ளினாள்.